ஊனமுற்ற வாத்துக்கும் ஒரு புரவலர்



'புரவலர்' என்னும் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. புலவர்களுக்குப் பொருள் வழங்கிப் புரந்த வேந்தர்களையும் வள்ளல்களையும் நம் முன்னோர் அச்சொல்லால் குறித்தனர். இக்காலத்தில் விளையாட்டுப் போட்டிக்குச் சுழற்கிண்ணம் வழங்குவோரையும், பள்ளி மலரை அச்சிடப் பொருளுதவி செய்வோரையும் புரவலர் என்றே அழைக்கின்றோம். ஆனால், கால் ஊனமுற்ற வாத்து ஒன்றுக்கும் புரவலர் உண்டு என்று சொன்னால் நம்மிற் பலர் நகைப்பர். வாத்து முட்டையிட்டால் வைத்திருப்போம், கொழுத்தால் கறியாக்குவோம், நடக்கவியலாது கிடக்கும் வாத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டுவார் யார் என்பதே தோட்டப்புறத்தில் எழும் முதல் வினாவாக இருக்கும்.

அவ்வினா நியாயமானதே. எனினும், அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளிலுள்ள விலங்குக் காப்பகங்கள் பலவற்றில் இத்தகைய புரவலர் முறை நெடுநாளாக நடைபெற்று வருகிறது. அம்முறை யாது, வாத்துக்கு ஊனம் எதனால் நேர்கிறது, அவற்றைப் பேணுவது எங்ஙனம், நம்மைப் போன்ற எளியோர் இதிலிருந்து கற்கத்தக்கது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாத்தினம் பற்றிச் சில செய்திகள்

வீட்டில் வளர்க்கப்படும் வாத்துகளுட் பெரும்பாலானவை 'மல்லார்டு' எனப்படும் காட்டு வாத்தின் வழிவந்தவை. அதன் ஆண்பறவைக்குப் பச்சை நிறத் தலையும் கழுத்தில் வெள்ளை வளையமும் உண்டு. முகத்தில் சிவந்த சதைமடிப்புடைய மஸ்கோவி வாத்து மட்டும் வேறினம். மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் அதன் தாயகமாகும்.

காட்டு மல்லார்டு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடையது. நெடுந்தொலைவு பறக்க வல்லது. மனிதன் இறைச்சிக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வெண்ணிறப் பெக்கின் வாத்தோ ஏழு வாரங்களிலேயே மூன்று கிலோகிராமுக்கு மேல் எடை அடைந்துவிடுகிறது. இவ்வினம் சீன நாட்டிலிருந்து 1873ஆம் ஆண்டில் கப்பல்வழி அமெரிக்கா சென்றடைந்தது. இது பறக்க வல்லதன்று. ஒரு கிலோ உடலைத் தாங்குவதற்கு இயற்கை அமைத்த கால்களின்மேல் மூன்று கிலோ உடலை ஏற்றி வைத்தவன் மனிதன். இதனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் வரும் செய்திகளுக்கு இதுவே அடிப்படையாகும்.

வாத்தின் கால்கள் உடலின் பின்புறமாக அமைந்தவை. நீரில் துடுப்புப் போடுவதற்கு இவ்வமைப்பு ஏற்றது. நிலத்தில் நடப்பதற்கோ இடர் தருவது. வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. வாத்து அவ்வெண்ணெயை அலகால் தொட்டு இறகுகளைக் கோதிவிடும். இங்ஙனம் ஒழுங்குபட்ட இறகில் நீர் ஒட்டாது. ஊனத்தாலோ நோயாலோ கோத இயலாத வாத்தின் இறகு நனைந்து, உடல் குளிர்ந்து, அது நீரிலேயே மாண்டுபோதலும் உண்டு. வாத்தாயினும் அதனைக் குளத்தில் விட்டுவிட்டால் தானே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுதல் தவறாகும்.

வாத்து கூட்டமாக வாழும் பறவை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் மல்லார்டு வாத்துகளின் உறக்கத்தை ஆராய்ந்து வியத்தகு செய்தி ஒன்றை வெளியிட்டனர். வரிசையின் ஓரத்தில் உறங்கும் வாத்து, வெளிப்புறமாக உள்ள கண்ணைத் திறந்து வைத்தபடி, மூளையின் ஒரு பாதி விழித்திருக்க மறுபாதியால் உறங்குகிறது. நடுவில் உள்ளவையோ இரு கண்களையும் மூடி அயர்ந்து உறங்குகின்றன. ஓரத்தில் உள்ளது காவல் காக்க, நடுவில் உள்ளது இளைப்பாறுகிறது. எனவே, ஊனமுற்ற வாத்தைத் தனியே அடைத்து வைப்பது அதன் உறக்கத்தையும் பறிப்பதாகும்.

ஊனம் எதனால் நேர்கிறது?

காப்பகங்களுக்கு வரும் வாத்துகளின் குறைபாடுகளுட் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, கால் வளைதல். வாத்துக்குஞ்சுக்கு நயாசின் எனப்படும் பி3 உயிர்ச்சத்து மிகுதியாக வேண்டும். அதன் தீவனத்தில் கிலோ ஒன்றுக்கு 55 மில்லிகிராம் அளவு அச்சத்து இருத்தல் வேண்டும் என அறிஞர் வகுத்துள்ளனர். கோழிக்குஞ்சுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும். கோழிக்குஞ்சுத் தீவனத்தையே வாத்துக்குஞ்சுக்கும் கொடுத்து வந்தால், அதன் கால்கள் வில்போல் வளைந்து, கணுக்கால் மூட்டு வீங்கி, நடை தளர்ந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டறிந்து நொதிமம் எனப்படும் ஈஸ்ட் முதலியவற்றைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். காலங் கடந்தால் வளைந்த கால் வளைந்ததே.

இரண்டாவது, சிறகு பிறழ்தல். இதனை ஆங்கிலேயர் 'தேவதைச் சிறகு' என்று அழகாகப் பெயரிட்டனர். பெயர் அழகியதாயினும் நோய் கொடியது. சிறகின் கடைசி மூட்டு முறுகி, இறகுகள் உடலோடு படியாமல் வெளிப்புறமாக நீட்டி நிற்கும். குஞ்சுப் பருவத்தில் எலும்பின் வலிமையைக் காட்டிலும் இறகின் பாரம் விரைந்து பெருகுவதால் இது நேர்கிறது. மிகுதியாகக் கொழுக்க வைக்கும் உணவும் சத்துக் குறைவும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. குஞ்சாக இருக்கும்போதே சிறகை மடித்துக் கட்டினால் திருத்தலாம். வளர்ந்தபின் திருத்த இயலாது.

மூன்றாவது, பாதப் புண். கரடுமுரடான தரையிலோ சிமெண்டுத் தரையிலோ ஓயாது நிற்கும் கனத்த வாத்தின் உள்ளங்காலில் சிறு கீறல் ஏற்பட்டு, அதன்வழிக் கிருமி புகுந்து, கறுத்த பொருக்குடன் வீக்கம் உண்டாகும். கவனியாது விடின் கிருமி எலும்பையும் தாக்கும்.

நான்காவது, நஞ்சும் காயமும். வேட்டையாடுவோர் சுட்ட ஈயக் குண்டுகள் குளத்தடியில் கிடக்கும். அவற்றைச் சிறு கல்லென எண்ணி வாத்து விழுங்க, ஈயம் குருதியிற் கலந்து அதனை முடமாக்கும். இக்காரணத்தாலேயே அமெரிக்க அரசு நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளை 1991ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தடைசெய்தது. மீன்பிடிப்போர் எறிந்துவிட்டுப் போகும் நரம்புக் கயிறு காலிற் சுற்றி இறுகிக் குருதியோட்டத்தைத் தடுப்பதும், நாய் முதலியன கடித்துக் குதறுவதும் உண்டு.

ஐந்தாவது, கைவிடப்படுதல். மேலைநாடுகளில் ஈஸ்டர் திருநாளையொட்டிக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்போல வாத்துக்குஞ்சு வாங்கித் தருவாருளர். மஞ்சள் நிறக் குஞ்சு சில வாரங்களில் பெரிய வாத்தாகிவிடும். பின்னர் அதனைப் பூங்காக் குளத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவர். பறக்கவும் அறியாது, இரைதேடவும் பழகாத அப்பறவை அடிபட்டும் கடிபட்டும் ஊனமுறுகிறது.

இவ்வைந்தையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். தவறான தீவனம் கொடுத்தவர் யார்? சிமெண்டுத் தரையில் நிறுத்தியவர் யார்? குண்டையும் நரம்பையும் குளத்தில் எறிந்தவர் யார்? வாங்கிக் கைவிட்டவர் யார்? பிறவியிலேயே ஊனமாய்ப் பிறக்கும் வாத்துகளும் உள. ஆயினும், காப்பகத்தில் காணும் ஊனங்களுட் பல, மனிதன் கைப்பட்டு நேர்ந்தவையே.

காப்பகத்தில் பேணும் முறை

ஊனமுற்ற வாத்தைப் பேணுவதற்கு இரக்கம் மட்டும் போதாது. குளிரால் நடுங்கும் என்றெண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் போற்றுகின்றோம். அஃது அன்பின் உயர்வைக் காட்டுவது. ஆயினும், மயிலுக்குப் போர்வை தேவையில்லை என்பதும் உண்மையே. ஊனமுற்ற உயிரிடத்தில் அன்பும் அறிவும் ஒருசேர வேண்டும்.

நடக்கவியலாத வாத்துக்கு மெத்தென்ற வைக்கோலோ மரத்தூளோ பரப்பி, நாள்தோறும் மாற்றுவர். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் நெஞ்செலும்பின்மேல் புண் உண்டாகுமாதலால், வேளைதோறும் புரட்டிவிடுவர். பாதப் புண்ணுக்கு வெந்நீர் ஒற்றி, மருந்திட்டு, பஞ்சு வைத்துக் கட்டுவர். முற்றியிருப்பின் கால்நடை மருத்துவர் அறுவை செய்வார். ஆழமற்ற நீர்த்தொட்டியில் நாள்தோறும் சிறிது நேரம் மிதக்க விடுவர். நீர் உடலின் பாரத்தைத் தாங்குவதால், நிலத்தில் ஊன்றவியலாத காலும் நீரில் அசைந்து வலுப்பெறும். அப்பொழுது ஒருவர் அருகிலிருந்து காத்தல் வேண்டும். குளித்தபின் இறகை உலர்த்தியே உள்ளே விடுவர்.

கண்பார்வையற்ற வாத்துக்கு உணவுத் தட்டும் நீர்ப் பாத்திரமும் எந்நாளும் ஒரே இடத்தில் வைக்கப்படும். அவற்றை ஒரு சாண் தள்ளி வைத்தாலும் அது தடுமாறும். சாதுவான வேறொரு வாத்தை அதனுடன் துணையாக விடுவர். துணையின் குரலைப் பின்பற்றி அது நடமாடும். இரு கால்களும் செயலிழந்த வாத்தைச் சிறு சக்கரவண்டியில் துணித் தொட்டிலிட்டு நிறுத்தும் காப்பகங்களும் உள.

கடுமையான ஒன்றையும் மறைக்காமற் கூறல் வேண்டும். எல்லா உயிரையும் எப்பாடுபட்டேனும் நீட்டித்தல் அறமாகாது. உண்ண மறுத்து, இறகு கோதாமல், துணையையும் நாடாது, தீராத வலியில் துடிக்கும் உயிரை மருத்துவர் வலியின்றி அடங்கச் செய்வதும் கருணையே என்று நல்ல காப்பகத்தார் ஒப்புக்கொள்கின்றனர். ஊனம் வேறு, தீராத் துன்பம் வேறு. ஒற்றைக் காலுடன் ஆவலாக இரை தின்று, தோழமையுடன் குரல் கொடுத்து, வெயிலில் சிறகு விரிக்கும் வாத்து துன்புறும் வாத்தன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே காப்பாளரின் முதற் கடமையாகும்.

பட்டர்கப் என்னும் வாத்து

உலகப் புகழ்பெற்ற ஓர் ஊனமுற்ற வாத்தின் வரலாறு பள்ளியோடு தொடர்புடையதாதலின், அதனை மாணவர்கள் கட்டாயம் அறிதல் வேண்டும்.

2012ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி ஒன்றின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வாத்துக்குஞ்சு ஒன்று பொரித்தது. அதன் இடது பாதம் பின்னோக்கித் திரும்பியிருந்தது. அதனால் ஊன்ற முயலுந்தோறும் வலியும் புண்ணுமாயிற்று. டென்னசி மாநிலத்தில் ஆர்லிங்டன் என்னும் ஊரில் நீர்ப்பறவைகளுக்கென அமைந்த 'பெதர்டு ஏஞ்சல்ஸ்' என்னும் காப்பகம் அதனை ஏற்றுக்கொண்டது. பட்டர்கப் என்பது அவ்வாத்தின் பெயர். 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் திரும்பிய பாதம் அறுவை செய்து நீக்கப்பட்டது.

பின்னர்க் காப்பகத்தார் அதற்குச் செயற்கைப் பாதம் அமைக்க முனைந்தனர். மின்னி என்னும் அதன் உடன்பிறந்த வாத்தின் பாதத்தைப் பல கோணங்களிற் படமெடுத்து, அதனைக்கொண்டு கணினியில் மாதிரி வரைந்தனர். முப்பரிமாண அச்சு இயந்திரம் என ஒன்றுண்டு. அது தாளில் எழுத்தை அச்சிடுவதுபோல, பொருளையே அடுக்கடுக்காக உருவாக்கித் தருவது. நோவாகாப்பி என்னும் நிறுவனம் உதவ முன்வந்தது. ஆனால், அவ்வியந்திரம் ஆக்கிய நெகிழிப் பாதம் வளைந்து கொடுக்கவில்லை. எனவே, பாதத்திற்குப் பதிலாகப் பாதத்தின் அச்சை இயந்திரத்தில் உருவாக்கி, அதனுள் சிலிக்கோன் என்னும் மென்பொருளை ஊற்றி, வளைந்து கொடுக்கும் பாதத்தை வார்த்தெடுத்தனர். 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பட்டர்கப் அப்பாதத்தை அணிந்து புல்வெளியில் நடந்தது. அக்காட்சியை உலகெங்கும் பலர் படத்திற் கண்டு மகிழ்ந்தனர்.

இவ்வரலாற்றில் இரு பாடங்கள் உள. முதல் முயற்சி பயன்படாதபோது அதனைக் கைவிடாது, வழியை மாற்றினர் என்பது ஒன்று. ஆய்வுக்கூடத்திலோ வகுப்பறையிலோ முட்டையைப் பொரிக்க வைக்கும் பள்ளி எதுவாயினும், குஞ்சு பொரித்த பின் அஃது எங்கு வாழும், ஊனமாய்ப் பிறந்தால் யார் பேணுவர் என்பதை முன்னரே எண்ணித் துணிதல் வேண்டும் என்பது மற்றொன்று. உயிர், பாடம் முடிந்ததும் அழித்துவிடும் கரும்பலகை எழுத்தன்று.

புரவலர் முறை எவ்வாறு நடைபெறுகிறது?

நல்ல உடல்நலமுள்ள வாத்தைக் காப்பகத்தார் தகுந்த இல்லம் தேடி அனுப்பிவிடலாம். ஊனமுற்ற வாத்தை ஏற்பார் அரியர். அஃது ஆயுள் முழுவதும் காப்பகத்திலேயே தங்குகிறது. நன்கு பேணப்படும் வீட்டு வாத்து பத்தாண்டு வரையிலும் வாழக்கூடும். எனவே, ஒரு நாள் கிடைக்கும் பெருங்கொடையைவிட, மாதந்தோறும் தவறாது வரும் சிறுதொகையே அதற்கு உற்ற துணையாகும். இதனை முன்னிட்டு எழுந்ததே புரவலர் முறை.

இம்முறையில் ஒருவர் குறிப்பிட்ட ஒரு பறவையைத் தேர்ந்து, அதன் பராமரிப்புக்கு மாதச் சந்தா செலுத்துவார். காப்பகத்தார் அப்பறவையின் படமும், அதன் கதையும், சான்றிதழும் அனுப்புவர். அவ்வப்போது நலம் கூறி மடல் எழுதுவர். இதனால் பறவை புரவலருக்கு உடைமையாகிவிடாது. அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லவும் இயலாது. ஒரே வாத்துக்குப் பல புரவலர் இருத்தலும் கூடும். சிலர் பிறந்த நாள் பரிசாகத் தம் பிள்ளையின் பெயரில் சந்தா கட்டுவதுமுண்டு.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டில் தோன்றிய 'பார்ம் சாங்சுவரி' என்னும் பண்ணை விலங்குக் காப்பகம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கால்நடைச் சந்தையின் பின்புறம், இறந்த விலங்குகளைக் குவித்திருந்த குவியலின்மேல் உயிருடன் கிடந்த ஓர் ஆட்டை அதன் நிறுவனர்கள் கண்டெடுத்தனர். 'ஹில்டா' எனப் பெயரிடப்பட்ட அவ்வாடு, மருத்துவம் பெற்று எழுந்து நின்றது. மேலும் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தது. உதவாதென எறியப்பட்ட ஓருயிரில் தொடங்கிய அக்காப்பகம், பின்னர் வாத்து, கோழி, வான்கோழி, ஆடு, மாடு முதலியவற்றுக்குப் புரவலர் சேர்க்கும் திட்டத்தையும் நடத்தலாயிற்று.

மாணவர்களே, ஒரு சிறு கணக்குச் செய்வோம். வளர்ந்த வாத்து ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் தீவனம் உண்ணும். 30 நாளைக்கு 5,400 கிராம், அதாவது 5.4 கிலோகிராம். இருபது வாத்துகளுக்கு மாதம் 108 கிலோகிராம். இதனுடன் வைக்கோல், மருந்து, கட்டுத்துணி, மருத்துவர் கட்டணம் யாவும் சேரும். ஒரு வாத்துக்கு மாதம் 60 வெள்ளி ஆகிறது எனக் கணக்கிற்காக வைத்துக்கொண்டால், ஒருவர் தனியே கொடுப்பது கடினம். பன்னிருவர் சேர்ந்தால் ஆளுக்கு 5 வெள்ளிதான்.

சிறு தொகையைப் பலர் சேர்த்துப் பெருங்காரியம் முடித்தல் நம் தோட்ட மக்கள் அறியாத ஒன்றன்று. தோட்டத் துண்டாடலால் நம்மவர் வீடும் வேலையும் இழந்து நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கியது. பணிவேளையில் காயமுற்ற தொழிலாளியின் குடும்பத்தைக் காக்கும் சொக்சோ திட்டமும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதந்தோறும் செலுத்தப்படும் சந்தாவினாலேயே இயங்குகிறது. புரவலர் முறையின் உயிர்நாடியும் இதுவே. தவறாமல் வரும் சிறுதுளியே பெருவெள்ளமாகும்.

ஆயினும், பணம் அனுப்புமுன் ஆராய்தல் வேண்டும். காப்பகம் முறையாகப் பதிவு பெற்றதா, ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறதா, பறவைகளுக்கு மருத்துவம் பார்ப்பவர் யார், சந்தா அவ்வொரு பறவைக்கு மட்டுமா அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவா, பறவை இறந்தால் புரவலருக்கு உண்மையை அறிவிப்பார்களா என்று கேட்டறிதல் கடமை. நேர்மையான காப்பகம் இவ்வினாக்களால் சினங்கொள்ளாது.

மனிதருக்கே இல்லாதபோது வாத்துக்கா?

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். 'மனிதன் பசித்திருக்க வாத்துக்குப் பணமா?' எனக் கேட்போருக்கு நாம் கூறும் விடை மூன்று.

முதலாவது, தன் பிள்ளையின் வாய்ச்சோற்றைப் பறித்து வாத்துக்கு இடுமாறு எவரும் எவரையும் கேட்கவில்லை. புரவலராதல் இயன்றவருக்கே உரியது. இயலாதவருக்கு அறத்தின் வாயில் அடைபடுவதில்லை. தீங்கு செய்யாதிருத்தலும் அறமே.

இரண்டாவது, இது கொடை அன்று, பெரும்பாலும் கடன். காலுக்கு மீறிய உடலை ஆக்கியவரும், தவறான தீவனம் இட்டவரும், குளத்தில் குப்பை எறிந்தவரும் மனிதரே எனக் கண்டோம். ஒருவன் உடைத்த பானைக்கு அவனே விலை தருவது வள்ளன்மை ஆகாது, நேர்மை எனப்படும்.

மூன்றாவதே தலையாயது. 'பயன் இருந்தால் வைத்துக்கொள். பயன் தீர்ந்தால் தள்ளிவிடு' என்னும் அளவுகோல் வாத்தோடு நின்றுவிடுவதில்லை. கை ஓங்கிப் பால்மரம் சீவியவரும், செம்பனைக் குலை அறுத்தவரும், கை தளர்ந்த நாளில் லயத்து வீட்டைக் காலி செய்ய நேர்ந்ததை நம் பெரியோர் கண்டுள்ளனர். அன்று அவர்களை அளந்ததும் இதே கோல்தான். அக்கோல் நம்மை அளந்தபோது நாம் நொந்தோம். அதனையே நாம் கையிலெடுத்து, நம்மிலும் எளிய உயிர்களை அளத்தல் தகுமா? முட்டையிடாத வாத்தும் வாழத்தக்கது என்று ஒரு பிள்ளை உளமார நம்பிவிட்டால், வேலை செய்யவியலாத பாட்டனும் வீட்டின் மதிப்புக்குரியவர் என்பதை அப்பிள்ளைக்குத் தனியே கற்பிக்க வேண்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

கடல்கடந்த காப்பகத்துக்குப் பணம் அனுப்புதல் நம்மிற் பலர்க்கு இயலாது. அதனால் குறைவில்லை. தோட்டத்திலேயே செய்யத்தக்கவை பல உள.

வாத்துக்குஞ்சுக்கு அதற்குரிய தீவனமே இடுக. குளத்து வாத்துகளுக்கு ரொட்டியை மிகுதியாக எறியற்க. வயிறு நிறையுமேயன்றிச் சத்து நிறையாது. எஞ்சிய ரொட்டி அழுகி நீரையும் கெடுக்கும். வாத்துக் கூடத்தின் தரையில் வைக்கோல் பரப்புக. ஆற்றோரத்தில் மீன் பிடித்தபின் அறுந்த நரம்பையும் தூண்டில் முள்ளையும் பொறுக்கியெடுத்து வருக. விளையாட்டுக்கென்று குஞ்சு வாங்கித் தருமாறு பெற்றோரை நச்சரித்தல் கூடாது.

காயமுற்ற வாத்தைக் கண்டால் காலையோ சிறகையோ கழுத்தையோ பற்றித் தூக்கலாகாது. இரு சிறகுகளும் உடலோடு படியுமாறு இரு கைகளாலும் அணைத்தெடுத்து, காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, நிழலும் அமைதியும் உள்ள இடத்தில் விடுக. அருகிலே சிறு பாத்திரத்தில் நீர் வைக்கலாம். வாயில் ஊற்றுதல் கூடாது. பின்னர்ப் பெரியோரிடம் சொல்லி, மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையினரை நாடுக. தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பல பறவைகள் ஒருசேர மாண்டு கிடக்கக் கண்டால் அவற்றைத் தொடாமல் உடனே அறிவித்தல் வேண்டும்.

விலங்குகளைக் கொடுமைப்படுத்துதல் நம் நாட்டில் குற்றமாகும் என்பதையும் அறிக. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், கொடுமை இழைப்போருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. ஆயினும், தண்டத்துக்கு அஞ்சிக் கல்லெறியாதிருப்பதைவிட, எறிய மனம் வராதிருத்தலே கல்வியின் பயனாகும்.

நிறைவாக ஒரு சொல். நொண்டும் வாத்தைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கும் வாய், நாளை நொண்டும் தோழனைக் கண்டும் சிரிக்கும். உடற்குறையையே பெயராக்கி ஒருவரை அழைக்கும் வழக்கம் நம் திடலிலும் இல்லாமலில்லை. அவ்வழக்கம் இவ்வாண்டோடு ஒழியட்டும். ஓட்டத்தில் பின்தங்கும் நண்பனுக்காகச் சற்று நின்று உடன் நடப்பவனுக்குச் சான்றிதழும் இல்லை, சந்தாவும் இல்லை. ஆயினும் அவனே நம் பள்ளியின் முதற் புரவலன் என்போம்.

வாழ்க மாணவர்! வளர்க அருளுள்ளம்!